நாலடி மீன்தொட்டியில் குறுக்குப் பட்டை விட்டது: ஒரு பழுதுபார்ப்பின் முழு விவரம்

சென்னை வில்லிவாக்கத்தில் ஓர் அடுக்குமாடி வீடு, முதல் தளம். ஹாலில் நாலடி கண்ணாடித் தொட்டி. நீளம் 120 செ.மீ., அகலம் 45, உயரம் 45. எல்லாப் பக்கமும் 8 எம்எம் சாதாரணக் கண்ணாடி. உள்ளே நன்றாக வளர்ந்த இரண்டு ஆஸ்கர் மீன்கள். தொட்டியின் மேல்புறம் நடுவில், முன் கண்ணாடியையும் பின் கண்ணாடியையும் இணைத்துப் பத்து செ.மீ. அகலத்தில் ஒரு கண்ணாடிப் பட்டை. சிலர் சப்போர்ட் என்பார்கள், சிலர் பிரேஸ் என்பார்கள். அதன் முன்முனை விட்டுப்போய், பட்டை பின்முனையில் மட்டும் நின்றுகொண்டிருந்தது. பட்டையில் கீறல்கூட இல்லை. தொட்டி பழையது, வேறொருவரிடமிருந்து கைமாறி வந்தது. யார் செய்தது என்று வீட்டுக்காரருக்கும் தெரியாது.

அவர் ஓய்வுபெற்றவர், நிதானமான மனிதர். "தம்பி, சொட்டுத் தண்ணி ஒழுகல. பட்டை மட்டும்தான் கழண்டிருக்கு. ஞாயித்துக்கிழமை வந்து ஒட்டிக் கொடுத்தா போதும்" என்றார் போனில். முன் கண்ணாடியின் உள்பக்க மேல் விளிம்பில் மூலைக்கு மூலை ஒரு தையல் நூலை இழுத்துப் பிடித்து, நடுவில் நூலுக்கும் கண்ணாடிக்கும் எவ்வளவு இடைவெளி என்று ஸ்டீல் ஸ்கேலால் பார்க்கச் சொன்னேன். மூன்று எம்எம்முக்கு மேல் இருந்தது. பட்டை ஒழுங்காக இருக்கும் இந்த அளவுத் தொட்டியில் ஒரு எம்எம் வந்தாலே அதிகம். ஞாயிற்றுக்கிழமை வரை விட்டுவைக்கும் விஷயம் இல்லை, அன்றைக்கே தண்ணீரை இறக்க வேண்டும் என்று சொன்னேன்.

அந்தப் பட்டைக்கு என்ன வேலை

கண்ணாடியைத் தண்ணீர் தள்ளும் அழுத்தம் மேல்மட்டத்தில் ஒன்றுமில்லை; கீழே போகப் போகக் கூடும். 42 செ.மீ. ஆழத்துக்குத் தண்ணீர் நின்றால், 120 செ.மீ. நீளமுள்ள முன் கண்ணாடியின் மீது ஏறக்குறைய 105 கிலோ எடைக்குச் சமமான தள்ளல் விழுகிறது. தொட்டி முன்னிருந்து பின் எவ்வளவு அகலம் என்பது இந்தக் கணக்கில் வரவே வராது. ஆழமும் நீளமும் மட்டும்தான். "என் தொட்டி ஒல்லியானதுதானே, பட்டை எதற்கு" என்று கேட்பவர்களுக்கு இதைத்தான் சொல்வேன்.

அந்தக் கண்ணாடியின் கீழ் விளிம்பை அடிக்கண்ணாடி பிடித்துக்கொள்கிறது. இரண்டு ஓரங்களையும் பக்கக் கண்ணாடிகள் பிடித்துக்கொள்கின்றன. மேல் விளிம்புக்கு மட்டும் பிடிமானம் கிடையாது. அதன் நடுவைப் பிடிப்பதுதான் பட்டையின் வேலை. மொத்தத் தள்ளலில் பட்டைக்கு வந்து சேரும் பங்கு 20 கிலோ போல இருக்கும் என்பது என் கணக்கு. கேட்கச் சின்ன எண்தான். ஆனால் இரவு பகல் என்று பார்க்காமல் வருஷக்கணக்கில் ஓயாமல் இழுக்கும் 20 கிலோ அது. இன்னொன்று: நீண்ட உத்தரம் ஒன்றை இரண்டு முனையில் தாங்கி, நீளம் முழுக்க ஒரே சீராகப் பாரம் ஏற்றினால், நடுவில் அது வளையும் அளவு நீளத்தின் நான்காம் அடுக்கில் கூடும். நீளம் இரட்டிப்பானால் வளைவு பதினாறு மடங்கு. தொட்டியின் மேல் விளிம்புக்கு இது அச்சு அசலாகப் பொருந்தாது என்றாலும், நடுவில் ஒரே ஒரு பிடி விட்டதும் ஏன் இவ்வளவு வித்தியாசம் என்பது இதில் புரிந்துவிடும்.

வீட்டில் எல்லோரும் பயந்தது கண்ணாடி வெடித்துவிடும் என்று. இந்த அளவில், 8 எம்எம் கண்ணாடி அந்த வளைவுக்கே உடையும் என்று நான் நினைக்கவில்லை. என் கவலை வேறு: மேல் மூலைகளில் முன் கண்ணாடியையும் பக்கக் கண்ணாடியையும் சேர்த்திருக்கும் சிலிக்கான் பசை. புதுப் பாத்திரத்தில் இருக்கும் ஸ்டிக்கரை மொத்தமாகப் பிடித்து இழுத்தால் வராது. ஓரத்தில் நகம் கொடுத்தால் உரிந்து வந்துவிடும். சிலிக்கானும் அப்படியே. நேர் இழுவையை நன்றாகத் தாங்கும். ஓரத்திலிருந்து உரிக்கும் விசைக்கு இளகிக் கொடுக்கும். முன் கண்ணாடி வளையும்போது மூலைகளில் நடப்பது இந்த உரிப்புதான். மேலே தொடங்கி மெல்லக் கீழே இறங்கும். தண்ணீர் மட்டத்தைத் தொடும் அன்றைக்கு முதல் சொட்டு வரும். அதுவரை எந்த அறிகுறியும் இருக்காது என்பதுதான் இதில் மோசம்.

முதலில் தண்ணீர்

தள்ளும் விசை ஆழத்தின் வர்க்கத்தில் கூடுகிறது, குறைகிறது. தண்ணீரைப் பாதியாக இறக்கினால் விசை பாதி ஆகாது, கால்வாசி ஆகிவிடும். 105 கிலோ என்பது 26 கிலோ போல வந்துவிடுகிறது. இப்படி ஒரு பட்டை விட்டால் பசை தேடி ஓடுவதற்கு முன்னால் குழாயைப் போட்டுத் தண்ணீரை இறக்குங்கள். அதற்கும் முன்னால் ஹீட்டர் இருந்தால் சுவிட்சை அணைத்துவிட வேண்டும். தண்ணீருக்கு வெளியே ஹீட்டர் எரிந்தால் அதன் கண்ணாடி வெடிக்கும். காற்று மோட்டார் மட்டும் ஓடட்டும்.

நான் போனபோது தொட்டியின் மேல்பகுதியைச் சுற்றி நைலான் கயிறு இறுக்கிக் கட்டியிருந்தார்கள். நிறையப் பேர் செய்வது இது, நியாயமாகவும் தோன்றும். ஆனால் செவ்வகப் பெட்டியைச் சுற்றிக் கட்டிய கயிறு நாலு மூலைகளில் மட்டும்தான் அழுத்தும். நேராக ஓடும் இடத்தில் அது கண்ணாடியைத் தொட்டுக்கொண்டிருக்குமே தவிர உள்ளே தள்ளாது. நமக்குப் பிடிமானம் வேண்டிய இடமோ நடு. தண்ணீர் பாதியான பிறகு கயிற்றை அவிழ்த்துவிட்டு, ஆசாரிகள் கதவுச் சட்டம் சேர்க்கப் பயன்படுத்தும் நீளமான கிளாம்ப் ஒன்றை நடுவில் குறுக்காகப் போட்டேன். இரண்டு பக்கமும் சைக்கிள் டியூப் வெட்டி ஒட்டிய மரத்துண்டு. இறுக்கியது விரலால் திருகும் அளவுக்கு மட்டும். நிறைந்த தொட்டியில் கிளாம்பைப் போட்டு, வளைந்த கண்ணாடியை நேராக்கப் பார்ப்பது ஆபத்து. அந்த வேலையைச் செய்யவே கூடாது.

ஆஸ்கர்களைக் கட்டட வேலைக்குத் தண்ணீர் பிடிக்கும் அகலமான பிளாஸ்டிக் டப் ஒன்றுக்கு, தொட்டித் தண்ணீரோடு மாற்றினோம். வாங்கிய டப் புதியது. சிமெண்ட் பட்டது ஆகாது. உயரமான டிரம்மை விட அகலமான டப் நல்லது. காற்றுப் படும் பரப்பு அதிகம், வெயில் காலத்துச் சூடான தண்ணீரில் ஆக்சிஜன் ஏற்கனவே குறைவாகத்தான் இருக்கும். ஃபில்டரில் இருந்த ஸ்பாஞ்சையும் செராமிக் வளையங்களையும் குழாய்த் தண்ணீரில் கழுவாமல் அப்படியே வலைப்பையில் போட்டு, டப்புக்குள் காற்றுக்கல்லின் பக்கத்தில் வைத்தோம். கழிவை மாற்றும் பாக்டீரியா அதில்தான் இருக்கிறது. குளோரின் பட்டாலோ காய்ந்தாலோ போய்விடும். மேலே கொசுவலை கட்டினோம். ஆஸ்கர் துள்ளும் மீன்.

பட்டை ஏன் விட்டது

தொட்டியை முழுக்கக் காலி செய்தபின், பின்முனையைப் பிளேடால் அறுத்துப் பட்டையை எடுத்து மேசையில் வைத்துப் பார்த்தோம். என்னைக் கேட்டால் இந்த மொத்த வேலையிலும் முக்கியமான நேரம் இதுதான். எப்படி விட்டது என்று பார்க்காமல் திரும்ப ஒட்டினால் அதே இடத்தில் அதே மாதிரி விடும்.

பின்முனையை அறுக்க வேண்டியிருந்தது. சிலிக்கான் பாதி பட்டையிலும் பாதி கண்ணாடியிலுமாகப் பிய்ந்து வந்தது. இரண்டு பக்கமும் சொரசொரப்பு. நன்றாக ஒட்டிய சிலிக்கான் இப்படித்தான் பிரியும்: தானே கிழியுமே தவிர கண்ணாடியை விடாது. முன்முனை அப்படி இல்லை. சிலிக்கான் முழுசாகப் பட்டையோடு ஒட்டிக்கொண்டிருந்தது. தொட்டிக் கண்ணாடியில் நகத்தால் சுரண்டினால் எதுவுமே வரவில்லை, துடைத்துவைத்த கண்ணாடி. சிலிக்கானின் முகமோ வழவழவென்று பளபளத்தது. வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தபோது அந்தப் பளபளப்பில் மெல்லிய சுருக்கங்கள் தெரிந்தன, பிதுக்கிய சிலிக்கான்மேல் ஆடை கட்டிய பிறகு அழுத்தினால் விழும் சுருக்கங்கள். சாதாரண சிலிக்கான் பத்து இருபது நிமிடத்துக்குள் மேலே ஆடை கட்டிவிடும். அதற்குப் பிறகு அழுத்தினால் கண்ணாடியில் உட்கார்ந்த மாதிரி தெரியும்; பிடித்திருக்காது. ஆக, முன்முனை செய்த நாளிலிருந்தே சரியாக ஒட்டவில்லை. இத்தனை காலம் தாங்கியதே பெரிது.

இதற்குமேல் இன்னொன்றும் சேர்ந்திருக்கிறது. மேல் ஃபில்டர் பெட்டியின் ஒரு கால் இந்தப் பட்டையின் மேல்தான் உட்கார்ந்திருந்தது. தண்ணீரும் ஸ்பாஞ்சுமாக அந்தப் பெட்டி பத்து கிலோவுக்குக் குறையாது. முன்னும் பின்னும் இழுக்கும் விசைக்காகச் செய்த பட்டையை மேலிருந்து கீழே அழுத்தினால் முனைகளில் உரிப்பு விசை வருகிறது. மோட்டாரின் அதிர்வு வேறு. ஒட்டாத முனை, அதன்மேல் பாரம். இரண்டும் சேர்ந்துதான் விட்டது என்பது என் முடிவு.

ஸ்டாண்டு கோணலாக இருக்குமோ என்று ரசமட்டம் வைத்துப் பார்த்தோம். நீளவாக்கிலும் அகலவாக்கிலும் சரியாக இருந்தது. அந்தச் சந்தேகம் அத்தோடு முடிந்தது.

மூலைகளைப் பார்த்ததில் முன் இடது மூலையின் உச்சியில் சிலிக்கானுக்கும் கண்ணாடிக்கும் நடுவில் வெள்ளைக் கோடு ஒன்று, ஒரு விரல் அகலத்துக்கு. உரிப்பு அங்கே தொடங்கிவிட்டது. பழைய தண்ணீர் மட்டத்துக்கு மேலேயே நின்றுவிட்டதால் தொட்டியைக் காப்பாற்றலாம் என்று சொன்னேன். அந்தக் கோடு இன்னும் நாலு விரல் இறங்கியிருந்தால், பட்டையை மறந்துவிட்டுத் தொட்டியை முழுக்கப் பிரித்து மறுபடி ஒட்டத்தான் சொல்லியிருப்பேன்.

அதே பட்டை, அதே இடம் ஏன் போதாது

"தம்பி, அதே பட்டையைச் சுத்தமா துடைச்சு, நல்ல சிலிக்கானா போட்டு ஒட்டிட்டா போதாதா?" என்று கேட்டார் வீட்டுக்காரர். "ஒட்டினா நிக்கும் சார். எத்தனை நாளைக்குன்னு என்னால சொல்ல முடியாது" என்றேன். கணக்கைத் தாளில் போட்டும் காட்டினேன்.

பழைய பட்டையின் முனை, கண்ணாடியை முட்டிக்கொண்டு நின்றது. ஒட்டும் பரப்பு 8 எம்எம் தடிமனும் பத்து செ.மீ. அகலமும்: வெறும் எட்டுச் சதுர செ.மீ. பெரிய கட்டடங்களின் வெளிச்சுவரில் கண்ணாடிகளைச் சிலிக்கானால் ஒட்டும் பொறியாளர்கள், சிலிக்கான் தாங்கும் உச்ச அளவை நம்பிக் கணக்குப் போடுவதில்லை. சதுர செ.மீ.க்கு ஏறக்குறைய 1.4 கிலோ என்ற மிகக் குறைந்த அளவைத்தான் வைத்துக்கொள்கிறார்கள். காற்று வந்து மோதும் விசைக்கு அவர்கள் வைத்திருக்கும் எச்சரிக்கை அளவு அது. அதே கணக்கில் பழைய பட்டைக்கு 11 கிலோதான் வருகிறது, இழுப்பதோ 20. நன்றாக ஒட்டியிருந்தால்கூட மீதி பலம் நாம் விரும்பும் அளவுக்கு இல்லை.

தடிமனான பட்டை போட்டால் இது சரியாகாது, ஏனென்றால் பலவீனம் பட்டையில் இல்லை, அது ஒட்டியிருக்கும் இடத்தில். மாற்ற வேண்டியது இணைப்பின் வகையை. முன் கண்ணாடியின் உள்பக்கம் முழு நீளத்துக்கும் ஐந்து செ.மீ. அகலத்தில் ஓர் ஓரப் பட்டை, பின் கண்ணாடிக்கும் அதேபோல ஒன்று, இரண்டும் படுக்கைவாட்டில். அவற்றின் மேல் குறுக்காக 15 செ.மீ. அகலத்தில் நடுப்பட்டை; அது இரண்டு முனையிலும் ஓரப் பட்டைமேல் ஐந்து செ.மீ. படிந்து உட்காரும். இப்போது நடுப்பட்டையின் ஒவ்வொரு முனையிலும் படியும் பரப்பு 75 சதுர செ.மீ. முட்டி நிற்கும் இணைப்பு, படிந்து நிற்கும் இணைப்பாக மாறிவிடுகிறது. விசை ஒரே முனையில் குவியாமல் பரப்பு முழுக்கப் பரவுகிறது. ஓரப் பட்டை முன் கண்ணாடியில் ஒட்டும் பரப்பு 90 சதுர செ.மீ.க்கு மேல். தவிர, படுக்கைவாட்டில் ஐந்து செ.மீ. அகலமுள்ள கண்ணாடி, தானே ஒரு உத்தரமாக நின்று மேல் விளிம்பை வளைய விடாது.

பட்டைக்கு அக்ரிலிக் போடலாம் என்று கண்ணாடிக் கடையில் யோசனை சொன்னார்கள், உடையாது என்று. சிலிக்கான் அக்ரிலிக்கில் கண்ணாடியில் பிடிப்பதுபோலப் பிடிக்காது. ஈரத்தில் அக்ரிலிக் நாளடைவில் வளையவும் செய்யும். இரண்டு டியூப் கலக்கும் எபாக்ஸி பற்றியும் பேச்சு வந்தது. காய்ந்தால் கல் மாதிரி ஆகும் பசை அது. தண்ணீர் மாற்றும்போதெல்லாம் கண்ணாடி அசைந்துகொடுக்கும் இடத்தில் இளக்கமுள்ள சிலிக்கான்தான் பொருத்தம். சிலிக்கானிலும் குளியலறைக்கென்று பூஞ்சைத் தடுப்பு மருந்து கலந்து வருவது ஆகாது. அந்த மருந்து மீனுக்கு நஞ்சு. காயும்போது வினிகர் வாடை அடிக்கும், மருந்து எதுவும் கலக்காத வகையைத்தான் வாங்கினோம்.

வேலை

கண்ணாடிக் கடையில் 8 எம்எம் சாதாரணக் கண்ணாடியில் மூன்று துண்டுகள் வெட்டி வாங்கினோம். ஓரப் பட்டைகள் 117.8 செ.மீ. நீளம், உள்நீளம் 118.4, இரண்டு முனையிலும் சிலிக்கானுக்கு மூன்று எம்எம் விட்டாயிற்று. நடுப்பட்டை 43 செ.மீ. எல்லா விளிம்பையும் தேய்த்து வாங்க வேண்டும். கைக்குக் காயம் படாமல் இருக்க மட்டும் இல்லை. விளிம்பில் சின்னதாகச் சில்லு பெயர்ந்த இடம்தான் பின்னால் விரிசலுக்கு ஆரம்பம்.

பழைய சிலிக்கானை எடுப்பதில்தான் நேரம் போனது, போகவும் வேண்டும். காய்ந்த சிலிக்கான்மேல் புதுச் சிலிக்கான் நம்பும்படி ஒட்டாது. கண்ணுக்குத் தெரியாத படலம் இருந்தால்கூட அதன்மேல்தான் நம் பட்டை நிற்கும். புதுப் பிளேடு, சாய்த்துப் பிடித்து, ஒரே திசையில். பிறகு வெள்ளைத் துணியில் அசிட்டோன் தொட்டுத் துடைத்தோம்; ஜன்னல் எல்லாம் திறந்து, அடுப்பு அணைத்து. துணியில் அழுக்குத் தெரியாமல் வரும்வரை துணியை மாற்றி மாற்றி. புதுத் துண்டுகளையும் அதேபோலத் துடைத்தோம்: கண்ணாடி வெட்டுபவர்கள் கட்டரை மண்ணெண்ணெயில் தொட்டுத்தான் கோடு போடுவார்கள், அந்தப் பிசுக்கு விளிம்பில் இருக்கும். துடைத்த இடத்தை அதற்குப் பிறகு விரலால் தொடக்கூடாது.

ஓரப் பட்டை அந்தரத்தில் நிற்காது. மேல் விளிம்பிலிருந்து இரண்டு செ.மீ. கீழே அது உட்கார வேண்டும் என்பதால், எலக்ட்ரீஷியன் பயன்படுத்தும் பிவிசி குழாயை 41 செ.மீ. நீளத்துக்குத் துண்டுகளாக அறுத்து, மெல்லிய ஃபோம் அட்டை வைத்துத் தொட்டிக்குள் தூணாக நிறுத்தினோம். பட்டையை முதலில் சிலிக்கான் இல்லாமல் தூண்மேல் வைத்துப் பார்த்து, மட்டம் பார்த்து, அப்புறம்தான் டியூபைத் திறந்தது. உள்ளகலத்தை இடது முனை, நடு, வலது முனை மூன்றிலும் அளந்தோம். மூன்றும் 43.4 வரும்வரை கிளாம்பைத் தொட்டுத் தொட்டுச் சரி செய்தோம். தண்ணீர் இருக்கும்போதே பட்டை ஒட்டுபவர்கள் தவறவிடுவது இதைத்தான். வளைந்த கண்ணாடியில் ஒட்டினால் அந்த வளைவை நிரந்தரமாக்குகிறோம், மூலைச் சிலிக்கானுக்கு ஒரு நிம்மதியும் கிடைப்பதில்லை.

ஓரப் பட்டைகள் பிடித்த பிறகு நடுப்பட்டை. இங்கே ஒரு விஷயம் உண்டு, பலர் கவனிப்பதில்லை. சிலிக்கான் காற்றிலுள்ள ஈரத்தை எடுத்துத்தான் காய்கிறது, வெளியிலிருந்து உள்ளே. ஒரு நாளைக்கு இரண்டு மூன்று எம்எம், அதுவும் உள்ளே போகப் போக மந்தமாகும். கண்ணாடி வழியாக ஈரம் போகாது. 15 செ.மீ.க்கு ஐந்து செ.மீ. பரப்பு முழுக்கச் சிலிக்கானைத் தடவி மேலே கண்ணாடியை வைத்தால், நடுவில் இருப்பது வாரக்கணக்கில் பச்சையாகவே கிடக்கும். ஓரம் கெட்டியாக இருப்பதைப் பார்த்து நாமும் தண்ணீரை நிரப்பிவிடுவோம். அதனால் முழுக்கத் தடவாமல், அழுத்திய பிறகு ஒரு செ.மீ. அகலம் வரும்படி மூன்று வரிகளாக இழுத்தோம், வரிகளுக்கு நடுவில் காற்றோட இடம் விட்டு. ஒட்டும் பரப்பு 75-லிருந்து 45 சதுர செ.மீ.க்குக் குறைகிறது, அந்த எச்சரிக்கைக் கணக்கிலேயே 60 கிலோவுக்கு மேல் தாங்கும். நமக்கு 20 போதும். வரிகளின் நடுவே ஒன்றரை எம்எம் கனத்துக்குப் பிளாஸ்டிக் துண்டுகள் வைத்தோம், கண்ணாடியின் எடையில் சிலிக்கான் முழுக்கப் பிதுங்கி வெளியே வந்துவிடாமல் இருக்க. வரி இழுத்ததும் தாமதிக்காமல் பட்டையை இறக்கினோம், ஆடை கட்ட இடம் கொடுக்கவில்லை.

இடது மூலையில் உரிந்த சிலிக்கானை நல்ல பகுதி வரும்வரை வெட்டியெடுத்து, துடைத்து, புதிதாக நிரப்பினோம்.

காத்திருந்ததும் நிரப்பியதும்

வினிகர் வாடை வந்துகொண்டிருக்கும்வரை சிலிக்கான் இன்னும் காய்ந்துகொண்டிருக்கிறது என்று அர்த்தம். வீட்டுக்கார அம்மாவிடம் அந்தப் பொறுப்பைக் கொடுத்தேன்: "தினமும் காலையில தொட்டிக்குள்ள தலையை விட்டு மோந்து பாருங்கம்மா. சுத்தமா வாடை நின்ன பிறகு எனக்குச் சொல்லுங்க." வாடை நின்ற பிறகும் சில நாள் விட்டோம். மொத்தத்தில் பத்து நாளுக்குக் குறைத்து இந்த மாதிரி இணைப்பில் தண்ணீர் விடக்கூடாது என்பது என் கருத்து. அதுவரை டப்பில் இருந்த மீனுக்குத் தீனியைப் பாதிக்கும் கீழே குறைத்து, நாளுக்கொரு தடவை கொஞ்சம் தண்ணீர் மாற்றி, குளோரின் நீக்கிய தண்ணீரை விட்டார்கள்.

நிரப்பும்போது ஒரேயடியாக நிரப்பவில்லை. முதலில் மூன்றில் ஒரு பங்கு, ஒரு நாள் விட்டு நூல் பிடித்துப் பார்த்தது. பிறகு மூன்றில் இரண்டு, மறுபடி ஒரு நாள். ஒவ்வொரு தடவையும் அடித்தட்டில் காகிதத் துண்டுகள் விரித்து வைத்தோம், ஈரம் பட்டால் உடனே காட்டிக்கொடுக்கும். கடைசியில் 40 செ.மீ. வரை. முன்பைவிட இரண்டு செ.மீ. குறைவு, ஓரப் பட்டைகள் தண்ணீருக்கு மேலே இருக்க வேண்டும் என்பதற்காக. அந்த மட்டத்தில் நூலுக்கும் கண்ணாடிக்கும் நடுவே அரை எம்எம் ஸ்கேலின் விளிம்பு நுழையவில்லை.

மேல் ஃபில்டர் திரும்ப அந்தப் பட்டைமேல் ஏறவில்லை. சுவரில் இரண்டு இரும்புத் தாங்கி அடித்து, ஒரு பலகை போட்டு, தொட்டிக்குச் சற்று மேலே வைத்துக் குழாயை நீட்டிவிட்டோம். தொட்டியை எப்போதாவது இடம் மாற்றினால் பட்டையைப் பிடித்துத் தூக்கக் கூடாது, அடியில் கை கொடுத்துத்தான் தூக்க வேண்டும் என்று நடுப்பட்டையின் மேலேயே மார்க்கரில் எழுதிவைத்திருக்கிறார் வீட்டுக்காரர்.